சின்னம்மை பைனல் நியூ ரெண்டு

ஹலோ... ஹலோ, ரமேஷ்குமாருங்களா?... கோகிலவாணி பேசறனுங்க, கூடலூர்ல இருந்து... ஆமா, ஆமா, நாந்தான். காத்தால இருந்து ஏழு தடவ அடிச்சுட்டேன்... மீட்டிங்கா? கோயமுத்தூர்ல ஊட்டுல உக்காந்து எனக்கு பிளான் வரஞ்சு அனுப்பறவருக்கு யாரோட மீட்டிங்?... சரி, சரி, நடக்கட்டும்.

ஏனுங்க, முன்னால பிடிஎப் மட்டும் குடுத்தீங்களே, அந்த நெல்லியாளம் வேலையோட ஒரிஜினல் பைல் இன்னிக்கு அனுப்புனீங்கல்ல... அதாங்க, சின்னம்மை ஊடு. தேயில எஸ்டேட்ல கொழுந்து எடுக்கற அம்மா... ஆமா, ரெண்டு ரூம்பு, ஒரு சமையக்கட்டு, பின்னால கக்கூஸ். அதேதான். அதத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கேன். தொறக்கறதுக்கே பதினோரு நிமிசம் ஆச்சு. நடுவுல நான் எந்திரிச்சுப் போயி டீ போட்டுக் குடிச்சு, டம்ளரையும் கழுவிக் கவுத்துட்டு வந்தேன், அப்பவும் சுத்திட்டே இருக்குது... என்ற கம்ப்யூட்டர் பழசா? பழசுதானுங்க. இதுலதான் நாலு மாடி லாட்ஜுக்கு பிளான் போட்டேன். அது ஓடுச்சு. உங்க ரெண்டு ரூம்பு ஊட்டுக்கு முக்குது.

இல்லீங்க, கொற சொல்லறதுக்காகக் கூப்பிடல... கேளுங்க. மேஸ்திரி ஆறுக்குட்டி அண்ணன் காத்தால எட்டு மணிக்கு போன் பண்ணினாரு. நாலு ஆளக் கூட்டிட்டுப் போயி எடத்தப் பாத்துட்டு, மெயின் ரோட்டுக்கு ஏறி வந்து பேசுனாரு, இன்னிக்குத்தான் வேல ஆரம்பம். நான் பிரிண்ட் குடுத்த படத்தப் பாத்தா எடத்தோட ஒண்ணும் ஒத்து வரலைங்கறாரு. தடுப்புச் செவுரு கட்டச் சொன்ன எடத்துல வெறுங்காத்துதான் இருக்குதாம்... சிரிக்காதீங்க.

அவருக்கு என்ன பதில் சொன்னேனா?... அத விடுங்க இப்ப.

எடத்துல சிக்னல் கெடையாது. ஒரு மணிக்கு சோறு திங்க மேல மெயின் ரோட்டுக்கு வருவாங்க, அங்கதான் போன் எடுக்கும். அதுக்குள்ள என்ன தப்புன்னு நான் கண்டுபுடிச்சாவணும்... என்ன அவசரமா? அந்தம்மாவுக்கு இந்த மாசத்தோட சர்வீஸ் முடியுதுங்க. எஸ்டேட் ஊட்டக் காலி பண்ணணும். லயம்னுதான் அந்தம்மா சொல்லும், சிலோன்ல பொறந்த வாய். மழைக்கு முன்னால கூரை ஏறுனாத்தான் உண்டு, இல்லாட்டி தெருவுல நிக்கோணும். தப்பா ஒருக்காக் கட்டிட்டு இடிச்சுட்டுக் கட்டற ஆளு இல்ல அது.

சரி, நீங்களும் பைலத் தொறங்க... எந்த பைலா? நீங்களே கேக்கறீங்களா? 'சின்னம்மை பைனல்'னு ஒண்ணு வந்திருக்கு. 'சின்னம்மை பைனல் பைனல்'னு ஒண்ணு. 'சின்னம்மை பைனல் நியூ ரெண்டு'ன்னு ஒண்ணு. மூணுல எதுங்க பைனல்?... நியூ ரெண்டா. அப்ப நியூ ஒண்ணு எங்க?... அழிச்சாச்சா. ரொம்ப நல்லதுங்க. பேருல தேதி போட்டு வெச்சா வெரலு தேஞ்சா போயிரும்?... ஆமா, ஆமா. வருசம், மாசம், நாளு. அவ்வளவுதான். பைனலும் வேண்டாம், நியூவும் வேண்டாம்.

தொறந்துச்சா?... இப்ப படம் முழுசும் தெரியற மாதிரி ஜூம் போடுங்க... என்ன தெரியுது?... ஒண்ணும் தெரியலையா? எனக்கும் அப்புடித்தான். கறுப்பா ஒரு வானம். உத்துப் பாத்தா இந்த மூலைல ஒரு புள்ளி, அந்த மூலைல ஒரு புள்ளி. இந்தப் புள்ளி சின்னம்மை ஊடு. அந்தப் புள்ளி என்னன்னு போயிப் பாத்தேன்... ஆமாங்க, கல்யாண மண்டபம். ஆயிரத்து எரநூறு பேரு உக்காந்து திங்கற பந்தி ஹாலு. மணமகள் அறை, மணமகன் அறை, ஜெனரேட்டர் ரூம்பு, ஏழு கக்கூஸ்... பொள்ளாச்சி பார்ட்டிதா? அந்தப் பழைய பைல எடுத்து அதுலயே ஒரு ஓரமா இந்த ஊட்ட வரஞ்சீங்களாக்கும்... வேகமா முடியும்னா? அவுங்க எச்சில் எலைய எடுக்காம அதுலயே இந்தம்மாவுக்குச் சோறு போட்டிருக்கீங்க. கொமட்டிட்டு வருதுங்க எனக்கு.

மரம்?... அதையும்தான் கேக்க வந்தேன். ஊட்டு முன்னால நிக்குதே, என்ன மரமுங்க அது?... தெரியாதா? டவுன்லோடு பண்ணுனதா? நான் சொல்றேன், பேரீச்சமரம். நெல்லியாளத்துல, வருசத்துல பாதி நாளு மழ ஊத்தற ஊருல, சின்னம்மை ஊட்டு வாசல்ல பேரீச்சமரம். ஒவ்வொரு ஓலையும் ஆயிரம் கோடு. பதினோரு நிமிசம் எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதா?... அழகுக்கா? ஆறுக்குட்டி அண்ணன் மரத்தப் பாத்து ரசிச்சுட்டா செங்கல் வெப்பாரு?

காரு வேற நிக்குது. உள்ள டிரைவரோட. சின்னம்மைக்கு!

சரி, சரி, நீங்க வெக்கப்பட்டது போதும். அளவுக்கு வாங்க. முன்ரூம்பு பத்தடின்னு போட்டிருக்கீங்க. நான் அளந்து பாத்தா ஒம்பது அடி ஏழு இஞ்சு... என்ன, ரவுண்ட் பண்ணீங்களா? ரவுண்ட் எங்க பண்ணீங்க, நம்பர அழிச்சுட்டு கைல டைப் அடிச்சிருக்கீங்க. கோடு ஒண்ணு சொல்லுது, நம்பர் இன்னொண்ணு சொல்லுது. ஆறுக்குட்டி அண்ணன் நம்பரப் பாத்துக் கயிறு கட்டுவாரா, கோட்டப் பாத்துக் கட்டுவாரா?... அட்ஜஸ்ட்மென்டா? சீ! பொய்யிக்கு இப்புடி ஒரு பேரா? கோட்ட இழுத்துப் பத்தடி ஆக்குனா நம்பர் தானா மாறும். அதுக்குத்தானுங்க அந்தக் கெரகம் புடிச்ச சாப்ட்வேர வருசா வருசம் வாடகை மாதிரி கட்டி ஓட்டறோம்.

இருங்க, இன்னும் இருக்கு. மூலைல போயிப் பெருசு பண்ணுங்க... சமையக்கட்டு மூல... தெரியுதா? ஒரு செவுரும் இன்னொரு செவுரும் தொடவே இல்ல. எலி பூந்து போற சந்து. அதான் உள்ள கலர் அடிச்சா வெளிய எல்லாம் வழியுது. ஸ்னாப்னு ஒண்ணு இருக்குல்ல? அத ஆன் பண்ணி வெச்சா கோடு தானாப் போயி முனைல ஒட்டிக்கும்... தொந்தரவா இருக்கா. எது தொந்தரவு? ஒழுங்கா இருக்கறதா?

கோபப்படாம பேசறதா... எப்புடிங்க? பத்து வருச எக்ஸ்பீரியன்ஸுன்னு எழுதிக் குடுத்தீங்க. என்ற கண்ணு கூசுது இதப் பாத்து. குப்பத்தொட்டியக் கிண்டற மாதிரி இருக்குது.

சரி. லேயர் எங்க?... லேயர். செவுரு ஒண்ணுல, கதவு ஒண்ணுல, மண்ணு ஒண்ணுல, தனித்தனியா அடுக்கி வெக்கறது. எங்க?... எல்லாமே சைபர்லயா. செவுரு சைபர், கதவு சைபர், கக்கூஸ் சைபர், பேரீச்சமரம் சைபர். ஏனுங்க, நான் சர்வே எடுத்துக் குடுத்தப்ப மேடு, பள்ளம், எல்லக்கல்லு, பக்கத்து ஊடு எல்லாத்தையும் தனி லேயர்ல போட்டுப் பூட்டு போட்டுத்தான அனுப்பினேன்? யாரு கையும் படக் கூடாதுன்னுதான் பூட்டறது. அந்தப் பூட்டு எங்க?... என்னது?... மறுக்காச் சொல்லுங்க... செலக்ட் ஆவ மாட்டேங்குதுன்னு தொறந்துட்டீங்க. தொறந்து, எல்லாத்தையும் சைபர்ல கொட்டிட்டீங்க... ஆமா, ஆமா, செலக்ட் ஆவாது! செலக்ட் ஆவக் கூடாதுன்னுதானய்யா பூட்டு!

சரி, இருங்க. அத எதுக்கு செலக்ட் பண்ண வேண்டி வந்துச்சு?... யாரு?... பாண்டியனா? அந்தம்மா பையன், திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கறாரே, அவரா... உங்களுக்கு நேராவே போன் போட்டாரா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீங்க... சமையக்கட்டு அக்னி மூலைல வரோணும்னாரு. சரி, கேப்பாங்க, எல்லாரும் கேக்கறதுதான். தென்மேக்குல இருந்தது தென்கெழக்குக்கு வரோணும். நீங்க என்ன பண்ணினீங்க?... மிரர் போட்டீங்க. கண்ணாடில பாக்கற மாதிரி எடதுல இருந்தது வலதுக்குப் போச்சு. அதுவும் சரி. ஊட்டத் திருப்பிப் போடலாம், நானே போட்டிருக்கேன்.

எத எத செலக்ட் பண்ணினீங்க?... எல்லாத்தையுமா.

இருங்க... பேசாதீங்க. என்ற சர்வே நோட்ட எடுக்கறேன்... இந்தா இருக்கு. தெக்கால ரோடு. ரோட்டுல நின்னு பாத்தா எடது கைப்பக்கம் மேடு, பன்னெண்டு அடி மண்ணு மேடு, அதுக்கு மேல பக்கத்து ஊடு, தபித்தாள் அக்கா ஊடு. வலது கைப்பக்கம் சரிவு. உங்க படத்துல... உங்க படத்துல மேடு வலதுல இருக்கு. தபித்தாள் ஊடு வலதுல இருக்கு. அட கெரகமே! மலையையும் சேத்துத் திருப்பிப் போட்டுட்டியேய்யா!

நீ பேசாத. ஊட்டத் திருப்பலாம், மலையத் திருப்ப முடியுமா? தபித்தாளத் தூக்கி அக்கட்ட வெக்க முடியுமா?... எழுத்தெல்லாம் நேராத்தான இருக்குதுன்னா? இருக்கும். அந்த சாப்ட்வேர் படத்தத் திருப்பும், எழுத்த மட்டும் படிக்கறதுக்குத் தோதா நேரா விட்டுரும். 'தபித்தாள் வீடு'ன்னு முத்து முத்தா எழுதியிருக்கு, தப்பான பக்கத்துல. வடக்கு காட்டற அம்பும் நேரா மேல பாத்து நிக்குது. அத எடது வலது மாத்தினாலும் அப்புடியேதான் நிக்கும். பாக்கறவன் எப்புடிக் கண்டுபுடிப்பான்?... படத்தப் பாத்துட்டு வாஸ்து வந்துருச்சுன்னாரா பாண்டியன்? வந்துருச்சு, வந்துருச்சு. நல்லா வந்துருச்சு வாஸ்து.

கக்கூஸ் குழி இப்ப எங்க இருக்கு?... பாத்துச் சொல்லு... எடது மூலைல. நான் அத வலதுல, சரிவுல வெச்சேன். தடுப்புச் செவுத்த எடதுல, மேட்டோரமா வெச்சேன். இப்ப செவுரு போயி அந்தரத்துல நிக்குது. அதத்தான் அந்த மனுசன் காத்துன்னாரு. குழி வந்து மேட்டுக்கு நேர் கீழ. எட்டடி ஆழம்... ஆமா, எட்டடி. மேட்டோட அடிய நோண்டுனா மேல இருக்கற ஊடு எப்புடிய்யா நிக்கும்?... ஐயோ.

இல்ல, மெதுவா வெட்ட மாட்டாங்க. மொதல் வேலையே குழிதான். மழைக்கு முன்னால குழி முடிச்சரோணும்னு நாந்தான் சொல்லியிருந்தேன்.

நீ வெக்காத, லைன்ல இரு. ஆபீஸ் போன்ல ஆறுக்குட்டி அண்ணனுக்குப் போடறேன்... ரிங்கே போகல... மறுக்கா போடறேன்... எல்லைக்கு வெளிய இருக்காராம்... மணி என்ன?... பன்னெண்டு பத்து. எட்டரைல இருந்து நாலு ஆளு கடப்பாரையோட நிக்கறாங்க.

என்ன?... நீ சரி பண்ணிப் புது பிடிஎப் அனுப்பறயா? யாருக்கு? குழிக்குள்ள நிக்கறவனுக்கா?

அவரு கேட்டாருய்யா. அதான் எனக்குத் தாங்கல. காத்தால நான் என்ன பதில் சொன்னேன்னு கேட்டயல்ல? சொல்றேன் கேளு. 'முப்பது வருசம் மேஸ்திரி வேல பாத்தும் படம் பாக்கத் தெரியலியா உங்களுக்கு? படத்துல என்ன இருக்கோ அதச் செய்யுங்க'ன்னு சொன்னேன். 'சரிம்மா'ன்னு வெச்சுட்டாரு. மறுபேச்சுப் பேசல... ஆமா, நாந்தான் சொன்னேன். என் வாயால சொன்னேன். த்தூ... இந்த வாயி இருக்குதே.

பாண்டியனக் கேட்டா தபித்தாள் நம்பர் கெடைக்குமா? உன்ற போன்ல இருந்து ஒரு மெசேஜ் போடு... போடு, போடு, பேசிட்டே போடு... இரு! ஆபீஸ் போன் அடிக்குது. புது நம்பரு. வெச்சராத.

ஹலோ!... ஆமா, கோகிலவாணிதான்... ஆறுக்குட்டி அண்ணனா! எங்க இருந்து... தபித்தாள் அக்கா போன்லயா, அவங்க சிம்முக்கு அங்க சிக்னல் எடுக்குதா... அண்ணா, வெட்டறத நிறுத்துங்க! ஆளுங்கள மேல ஏத்துங்க... என்னங்க?... நிறுத்தியாச்சா?... யாரு நிறுத்துனது?... சின்னம்மையா?... ம்... ம்... எங்க உக்காந்திருக்காங்க? குழிக்குள்ளயா! மொதல்ல அவங்களத் தூக்கி மேல விடுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க, குழிய மூடறதுக்கு நானே வர்றேன்னு சொல்லுங்க... சரி... ஏறிட்டாங்களா?... நெசமா ஏறிட்டாங்களா?... எவ்வளவு வெட்டியிருக்கு?... மூணரை அடி... மேட்டுல மண்ணு விழுந்துச்சா?... தொவைக்கற கல்லு சரிஞ்சு வந்துருச்சா... யாரு மேலயும் படலியே?... ஊட்டுச் செவுத்துல வெடிப்பு எதாச்சும்?... பாக்கலையா? போயிப் பாருங்க, நான் லைன்லயே இருக்கேன்... சமையக்கட்டுலயா... எத்தன கனம்?... நூலாட்டமா... பழசா புதுசா?... தபித்தாள் அக்காளுக்கே தெரியலையா. சரி.

அண்ணா, கேளுங்க. தப்பு உங்க மேல இல்ல. படம் தப்பு. நான் பேசுனது அதவிடத் தப்பு... இல்லண்ணா, பரவால்லன்னு சொல்லாதீங்க. மன்னிச்சுக்கோங்க... ம்... தூறல் விழுதா? தார்ப்பாய் இருந்தா மேட்டு மேல போடுங்க, தண்ணி எறங்கக் கூடாது. வெட்டுன மண்ண மூட்டைல கட்டி அந்த அடிக்கே முட்டுக் குடுத்து அடுக்குங்க. தபித்தாள் ஊட்டுல எத்தன பேரு?... கொழந்தைங்களோட அஞ்சு பேரா. எல்லாத்தையும் வெளிய கூட்டிட்டு வாங்க. சாமான் அப்பறம், மனுசங்க மொதல்ல... ஆமா, நான் ஜீப் புடிச்சு வர்றேன். சாக்கும் வாங்கிட்டு வர்றேன். வெக்கறேன்.

ஹலோ, இருக்கியா ரமேஷ்குமார்?... கேட்டுச்சா?... நான் பேசுனது மட்டுந்தானா. சரி, சொல்றேன்.

பதினொன்னரைக்குக் கொழுந்து நெறுத்துப் போட்டுட்டு அந்தம்மா எடத்தப் பாக்க வந்திருக்குது. இவங்க வெட்டறதப் பாத்துட்டு, 'தபித்தாளு ஊட்டு அடியில எதுக்கய்யா நோண்டறீங்க'ன்னு கேட்டிருக்குது. படத்துல அப்புடித்தான் இருக்குது, ஆபீஸ்லயும் கேட்டாச்சுன்னு ஆறுக்குட்டி அண்ணன் சொல்லியிருக்காரு. எங்க, அந்தப் படத்தக் காட்டுன்னு இருக்குது. படம் தூறல்ல நனஞ்சு, பலகை மேல குப்புற ஒட்டிக் கெடந்துருக்கு. மெல்லிசுக் காயிதம், நனஞ்சா பின்பக்கம் கோடெல்லாம் தெரியுமல்ல... ஆமா. அதத்தான் அந்தம்மா பாத்திருக்குது. அதுக்கு எழுத்துத் தெரியாது. 'சரியாத்தான போட்டிருக்கு, இந்தா மேடு, அந்தா அக்கட்ட குழி, உங்களுக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு'ன்னு சத்தம் போட்டிருக்குது.

இவரு காயிதத்த உரிச்சு நேராத் திருப்பிக் காட்டியிருக்காரு. 'அது என்ற எடமே இல்ல'ன்னுச்சாம். அவ்வளவுதான். குழிக்குள்ள எறங்கி உக்காந்துட்டு, இனி கடப்பாரையப் போடறதுன்னா என் தலைல போடுங்கன்னுருச்சு... ஆமா. அஞ்சு நிமிசம் கழிச்சுத்தான் அந்தத் தொவைக்கற கல்லு மேல இருந்து சரிஞ்சிருக்கு. அந்தம்மாவுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்துச்சாம்... கேக்குதா? ஒரு முழம்.

நீ, நான், பாண்டியன், மேஸ்திரி, நாலு பேரும் படிக்கத் தெரிஞ்சவங்க. நாலு பேரும் எழுத்து நேரா இருக்குன்னு நம்பிட்டோம்.

என்ன?... பாண்டியனுக்கு என்ன சொல்றதா?... சத்தமாப் பேசு... சாப்ட்வேர் கோளாறுன்னு சொல்லிரலாமா?

சாப்ட்வேர் என்னய்யா பண்ணுச்சு? திருப்புன்னே, திருப்புச்சு. எல்லாத்தையும்னே, எல்லாத்தையும் திருப்புச்சு. பூட்டு இருந்த வரைக்கும் தொட மாட்டேன்னுதான் அதுவும் சொல்லுச்சு. பூட்ட ஒடச்சது நீ. உன்னவிட அது யோக்கியம். என்னவிடவும்தான்... ஆமா, என்னவிடவும். நானே நேர்ல போயி டேப்பு புடிச்சு அளந்த எடம் அது. தபித்தாள் அக்கா பாலில்லாம கட்டஞ்சாயா போட்டுக் குடுத்தாங்க. அந்த மேட்டு மேல உக்காந்துதான் குடிச்சேன். ஒரு வாரம் கழிச்சு உன்ற பிடிஎப் வந்துது. போன்ல ரெண்டு வெரலால விரிச்சுப் பாத்தேன். எழுத்து சுத்தமா இருக்கு, அளவெல்லாம் வரிசையா இருக்கு, சரின்னு பிரிண்ட் எடுத்து சீல் குத்தினேன். எந்தக் கையி எந்தப் பக்கம்னு பாக்கல. நீ பண்ணுனதப் பாத்தா கொமட்டுதுன்னேன். இப்ப என்ன நெனச்சுத்தான் எனக்குக் கொமட்டுது.

போதும், நீ ஸாரி சொல்லாத. எங்கிட்ட சொல்லி என்ன பண்றது? கெளம்பு... எங்கயா? இங்கதான். ஊட்டி வந்து கூடலூர் பஸ் ஏறு. பொழுதோட வந்து சேந்துருவ. ஆபீஸ்ல படுத்துக்கலாம், காத்தால நெல்லியாளத்துக்குப் போயிரலாம்... லேப்டாப்பா? லேப்டாப் எதுக்கு? பைல நான் பூட்டு போட்டு நானே வரஞ்சுக்கறேன். நீ பழைய செருப்பு ஒண்ணு போட்டுட்டு வா. மாத்துத் துணி ரெண்டு எடுத்துக்க... மண்ணு சொமக்கறதுக்குத்தான். இன்னிக்கு முடிஞ்ச மட்டும் நாங்க மூட்ட அடுக்கறோம். மீதி குழிய நாளைக்குக் கல்லு வெச்சு மூடோணும். ஆறுக்குட்டி அண்ணன்கிட்ட நாலு ஆளுதான் இருக்காங்க. நீ அஞ்சாவது, நான் ஆறாவது.

பழக்கமில்லைன்னா? அந்தக் கொழந்தைங்களுக்கு மட்டும் மழைல வெளிய நிக்கறது பழக்கமா?

தபித்தாள் அக்காகிட்ட என்ன சொல்றதுன்னா... மொதல்ல நாஞ்சொல்லுவேன். சீல் என்னுது. அப்பறம் நீ சொல்லு... பெருசா ஒண்ணும் வேண்டாம். 'இத வரஞ்சது நாந்தானுங்க'ன்னு சொல்லு. இந்த எடத்த ஒருக்காக்கூட வந்து பாக்காம வரஞ்சேன்னு சொல்லு. திட்டுனா நின்னு வாங்கிக்க. அப்பறம் கூடைய எடு.

ஜீப் வந்துருச்சு, ஹாரன் அடிக்கறான்... ஹலோ?... ஹலோ, ரமேஷ்குமார்?... அழறியா?

சரி. அழுதுட்டே கெளம்பு. இங்க மழ வலுக்குது. வெக்கறேன்.